ரயில் நிலையம் ஆறு நிமிட நடையில்: கார் வாங்கலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 36 வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். நாலு வயதில் ஒரு மகள், அம்மாவுக்கு 68. நெரிசலான பெருநகரத்தில் இருக்கிறோம். மெட்ரோ நிலையம் ஆறு நிமிட நடை, பஸ் நிறுத்தம் வாசலிலேயே. இருவரும் ரயிலில்தான் அலுவலகம் போகிறோம், அது மாறப்போவதில்லை. ஆனால் அம்மாவுக்கு மூட்டு வலி, மாதம் இரண்டு தடவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது குழந்தையோடு வெளியே போவோம். போன மாதம் ஒரு மழை இரவில் மகளுக்குக் காய்ச்சல் ஏறி, டாக்சிக்காக 40 நிமிடம் காத்து நின்றோம். கார் வாங்கிவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். விலை எங்கள் இருவரின் எட்டு மாதச் சம்பளம். 20 சதவீதம் கையிலிருந்து போடுவோம், மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன். தவணை மாதச் சம்பளத்தில் 13 சதவீதம்தான். குடியிருப்பில் கார் நிறுத்த வாடகை தனி. டாக்சியில் ஒரு தடவை போய்வந்தாலே ஒரு நாள் சம்பளத்தில் கால்வாசி போய்விடுகிறது. அதற்குச் சொந்தக் கார் தேவலாம் இல்லையா? சலுகை மாதக் கடைசி வரைதான் என்கிறார்கள். வீட்டில் எனக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மழை இரவு.

குடும்ப நிதி ஆலோசனைக்கு வருவதற்கு முன் ஒரு வங்கியின் கார் கடன் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவள் நான். கடன் கேட்டு வருகிறவர்களிடம் "எதற்குக் கார்?" என்று கேட்பேன். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பதுதான். பதிலாக ஒரு கதை வரும். ஒரு பிரசவ வலி, நடுராத்திரியில் வந்து சேர்ந்த ஒரு ரயில், கைக்குழந்தையோடு நனைந்த ஒரு மாலை. யாரும் "செவ்வாய்க்கிழமைகளில் எனக்குக் கார் தேவைப்படுகிறது" என்று சொன்னதில்லை. காரை நாம் வாங்குவது நம் மோசமான ராத்திரிக்காக. அதற்குக் காசு கட்டுவதோ எல்லா ராத்திரிக்கும். உங்கள் கேள்வியில் இருக்கும் சிக்கல் இவ்வளவுதான், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

தவணை 13 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் தவணை என்பது கடனுக்குக் கட்டுவது, காருக்கு ஆகும் செலவு வேறு. அதைப் பார்க்க, ரூபாயையும் டாலரையும் விட்டுவிட்டு, காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு வருடம் வைத்திருந்து விற்கிறீர்கள், 30 கிடைக்கிறது என்று கொள்வோம். புதுக் கார் ஷோரூமை விட்டு இறங்கிய முதல் வருடமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழப்பது சாதாரணம், எனவே 30 என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு அல்ல. மீதி 70 எட்டு வருடத்தில் கரைகிறது, வருடத்துக்கு 8.75. இது ஒரு பில்லாக உங்கள் கைக்கு வருவதே இல்லை. அதனால்தான் ஆகப் பெரிய செலவாக இருந்தும் யாரும் இதை எழுதி வைப்பதில்லை.

அடுத்து வட்டி. 80-க்கு 9 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 20. எட்டு வருடத்தில் பரப்பினால் ஆண்டுக்கு 2.5. காப்பீடு 3 என்றும், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்துச் சராசரியாக 3 என்றும் வையுங்கள். நீங்கள் அனுப்பிய வாடகைத் துண்டுப்படி கார் நிறுத்தும் இடத்துக்கு வருடம் 4. எரிபொருள் உங்கள் ஓட்டத்துக்கு இரண்டரையைத் தாண்டாது. கூட்டினால் 24-ஐ ஒட்டி நிற்கிறது. முன்பணமாகப் போடும் 20 வங்கியில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியை நான் சேர்க்கவில்லை, போகட்டும்.

வருடம் 24 என்றால் காரின் விலையில் ஏறக்குறைய கால்வாசி. உங்கள் சம்பளத்தில் சொன்னால் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் இருவரும் ஜனவரி, பிப்ரவரி முழுக்க வேலை பார்ப்பது காருக்காக, மார்ச் முதல்தான் வீட்டுக்காக. கடன் ஓடும் முதல் ஐந்து வருடத்தில் கையை விட்டுப் போகும் பணம் இன்னும் அதிகம்: தவணையோடு காப்பீடு, வாடகை, சர்வீஸ், எரிபொருள் சேர்ந்தால் மாதச் சம்பளத்தில் 13 அல்ல, 22 சதவீதத்தைத் தொடும்.

இப்போது டாக்சிப் பக்கம் வருவோம். அந்த 24-ஐ 52 வாரத்துக்குப் பிரித்தால், வாரத்துக்கு உங்கள் ஒரு நாள் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல். டாக்சியில் போய்வரக் கால் நாள் சம்பளம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கார் வைத்திருக்கும் செலவில் வாரத்துக்கு நாலு தடவைக்கு மேல், மாதத்துக்குப் பதினெட்டு பத்தொன்பது தடவை டாக்சியில் போய்வரலாம். கடிதத்தில் இருக்கும் பயணங்களை எண்ணிப் பார்த்தேன். மருத்துவமனை இரண்டு, ஞாயிறு மூன்று, திடீர் அவசரம் ஒன்று. ஆறு.

ஆறுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தும் டாக்சிதான் கொள்ளை என்று தோன்றுகிறதே, ஏன்? ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் டாக்சி கையை நீட்டுகிறது. கார் நீட்டுவதில்லை. அது நம் கணக்கிலிருந்து தூக்கத்தில் எடுத்துக்கொள்கிறது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பும்போது செலவாவது பெட்ரோல் மட்டும் என்ற எண்ணம் வந்துவிடும். அந்த எண்ணத்தில்தான் ரயிலில் பதினைந்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு நாற்பது நிமிடம் காரில் போவோம், "வாங்கி வைத்திருக்கிறோமே, எடுக்காவிட்டால் எப்படி?" என்று.

எடுக்காவிட்டாலும் சும்மா இருக்காது என்பது வேறு விஷயம். நிற்கிற காருக்கும் வயதாகும். காப்பீடு பெரும்பாலும் கிலோமீட்டரைக் கேட்பதில்லை, தேதியைக் கேட்கிறது. எஞ்சின் ஆயிலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொதுவாக வருடம் ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். டயரின் ரப்பர் தேயாமலேயே இறுகி வெடிப்பு விடும். சில வாரம் தொடர்ந்து எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும். என்னிடம் ஒரு கார் இருந்த காலத்தில், மூன்று வாரம் தொடாமல் விட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்பும் அன்று பெட்டிகளோடு இறங்கி வந்து சாவியைத் திருப்பினேன். ஒரு 'டிக்', அவ்வளவுதான். அன்றைக்கும் டாக்சிதான் வந்தது.

சரி, இப்போது பென்சில் கோட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஒரு புதன்கிழமை மதியம் மகளின் பள்ளியிலிருந்து "காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள்" என்று தகவல் வருகிறது. நீங்கள் நகரத்தின் மறுமுனையில் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். கார் கீழ்த்தளத்தில் நிற்கிறது. உங்கள் மனைவி எதில் போவார்? டாக்சியில்தான். நீங்கள் ரயிலில் வேலைக்குப் போகிறவரை, வார நாளில் நடக்கும் எந்த அவசரத்துக்கும் அந்தக் கார் உதவாது. அது உதவக்கூடிய நேரம் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம்: இரவு, விடுமுறை நாள். அந்த நேரத்திலும் நீங்கள் தூங்கி எழுந்த பதற்றத்தில், மழையில், பின்னால் குழந்தை அனத்த ஓட்ட வேண்டும். கார் வாங்கவே வாங்காதீர்கள் என்று இதைச் சொல்லவில்லை. வாங்குகிற எண்ணம் இருந்தால் முதலில் மனைவியும் ஓட்டக் கற்று உரிமம் எடுக்கட்டும். அதற்கு ஆகும் செலவு காரின் விலையில் ஒரு துளி. பின்னால் எப்போதாவது வாடகைக் கார் எடுத்தாலும் அது பயன்படும். கடிதத்தில் "தீர்மானித்தேன்" என்றுதான் வருகிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று எங்கேயும் இல்லை. அதையும் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் மூட்டு வலிதான் உங்கள் கடிதத்தில் கனமான காரணம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நெரிசலான நகரத்து மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள். அம்மாவை இறக்கி, "இங்கேயே நில்லும்மா, வண்டியை விட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் கீழ்த்தளம் கீழ்த்தளமாக இடம் தேடிச் சுற்றுவீர்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டாக்சியில் போனால் நீங்களும் அவரோடேயே இறங்கி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவீர்கள். என் அம்மாவின் விஷயத்தில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. மூட்டு வலிக்காரருக்கு வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு வண்டி, பக்கத்தில் ஓர் ஆள். ஓட்டுநர் வேறொருவராக இருந்தால்தான் அந்த ஆள் நீங்களாக இருக்க முடியும். மருத்துவமனை நாள் முன்கூட்டியே தெரிந்த நாள்தானே, முந்தின இரவே வண்டிக்குப் பதிவு செய்துவிடலாம்.

இடம் தேடுவதைப் பற்றிச் சொன்னேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் பல பத்தாண்டுகள் கார் நிறுத்தும் இடங்களை ஆராய்ந்தவர். நாலு கண்டங்களில் 11 நகரங்களின் மையப் பகுதியில் 1927 முதல் 2001 வரை நடந்த 16 ஆய்வுகளை அவர் தொகுத்துப் பார்த்தார். தெருவோரம் ஓர் இடம் கிடைக்கச் சராசரியாக எட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கார்களில் சுமார் 30 சதவீதம் போகிற இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் நிறுத்த இடம் தேடிச் சுற்றியவை. காரில் போனால் சீக்கிரம் என்று கணக்குப் போடும்போது இந்த எட்டு நிமிடத்தையும், நிறுத்திய இடத்திலிருந்து திரும்பி நடக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரயில் நிலையமே ஆறு நிமிடம்தான்.

டோக்கியோ இதை வேறு கோணத்தில் பார்க்கிறது. ஜப்பானில் 1962-இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் கார் உங்கள் பெயருக்குப் பதிவாகும். இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ராத்திரி தெருவில் விட்டுவைக்க முடியாது. சிங்கப்பூரில் 1990-லிருந்து கார் வைத்திருக்கும் உரிமையே ஏலத்தில் போகிறது, பத்து வருடம்தான் செல்லும். இந்த ஊர்களில் கார் பிடித்துக்கொள்ளும் இடத்தின் விலை உரிமையாளரின் முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. மற்ற ஊர்களில் அது வாடகைக்குள்ளும் வரிக்குள்ளும் ஒளிந்துகொண்டிருக்கும். நியூயார்க்கில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கார் கிடையாது. மன்ஹாட்டனில் நாலில் மூன்று வீட்டில் இல்லை. வசதி இல்லாதவர்கள் மட்டும் வாழும் இடமல்ல மன்ஹாட்டன் என்பது உங்களுக்கே தெரியும். "இந்த வயதில் இன்னும் கார் வாங்கவில்லையா?" என்று யாராவது கேட்டால் சொல்லிப் பாருங்கள். கேட்பதை நிறுத்த மாட்டார்கள், ஆனாலும் சொல்லலாம்.

உங்கள் வீட்டு வாடகையைப் பற்றி ஒன்று. நிலையத்துக்கு ஆறு நிமிட நடையில் வீடு என்பதற்காகவே நீங்கள் மாதாமாதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதே அளவு வீடு நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம் தள்ளி இருந்தால் வாடகை குறைவாக இருந்திருக்கும், ஆனால் அங்கே கார் இல்லாமல் முடியாது. இரண்டில் ஒன்றுக்குக் காசு கொடுத்தால் போதும். நீங்கள் இப்போது இரண்டுக்கும் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

கார் அவசியம் என்று நானே சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. ரயில் ஓடாத நேரத்தில் ஷிஃப்ட் முடிகிற செவிலியர் ஒருவர். சக்கர நாற்காலியில் இருக்கும் மகனைத் தினமும் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் ஒரு தகப்பன். ஒரு நாளைக்கு நாலு இடத்தில் கருவிகளோடு இறங்கி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக். இவர்களுக்கு மோசமான நாள் என்பது தினசரி. வாரத்துக்கு நாலு ஐந்து தடவைக்கு மேல், வேறு வழியே இல்லாமல் கார் தேவைப்படுகிறது என்றால் 24 அதிகமான விலையே இல்லை. அப்படியானவர்களுக்கும் புதுக் கார் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. நாலு வருடம் ஓடிய காரை 55-க்கு வாங்கி, ஆறு வருடம் கழித்து 25-க்கு விற்றால் தேய்மானம் ஆண்டுக்கு 5-தான், புதுக் காருக்கு நாம் பார்த்த 8.75 அல்ல. மின்சாரக் கார் பக்கம் கண் போனால், குடியிருப்பில் உங்கள் இடத்திலேயே சார்ஜர் பொருத்த அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். அனுமதி இல்லையென்றால் ஒவ்வொரு வாரமும் சார்ஜ் போட எங்கேயாவது போய்க் காத்திருக்க வேண்டிவரும்.

ஆசை என்றால்? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் காரின் நிறத்தைக்கூட எழுதியிருந்தீர்கள், அதைத்தான் மேலே சுருக்கத்தில் வெட்டிவிட்டேன். ஆசைக்கு வாங்குவதில் தப்பே இல்லை. வருடம் இரண்டு மாதச் சம்பளம் ஓர் ஆசைக்குப் போகிறது என்று தெரிந்து, இருவரும் சம்மதித்து வாங்குங்கள். அம்மாவின் மூட்டு மேல் பழியைப் போட வேண்டாம்.

நான் உங்களிடம் கேட்பது ஆறு மாதம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறங்கள். கார் வாங்கியிருந்தால் மாதம் எவ்வளவு போயிருக்குமோ, அந்த 22 சதவீதத்தை முதல் தேதியே அதில் போட்டுவிடுங்கள். போட முடியவில்லை என்றால் கார் வாங்கியிருந்தாலும் கட்ட முடிந்திருக்காது, அது அப்போதே தெரிந்துவிடும். போட முடிந்தால், டாக்சி, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கிலிருந்தே எடுங்கள், கணக்குப் பார்க்காமல் எடுங்கள். அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்றாலோ பழைய சிநேகிதியைப் பார்க்க வேண்டும் என்றாலோ அதற்கும் வண்டி கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே போகத் தோன்றினால் ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுங்கள். காரைப் பகிர்ந்துகொள்வது ஒன்றும் செயலிகள் வந்த பிறகு பிறந்த யோசனை அல்ல. சூரிக் நகரத்தில் 1948-லேயே இதற்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. உங்கள் பகுதியில் மணிக்கணக்கில் எடுக்கும் கார் கிடைத்தால் அதில் உறுப்பினராகிவிடுங்கள். மகளுக்காக மடித்து எடுத்துப்போகக்கூடிய, அவள் எடைக்கும் உயரத்துக்கும் தகுந்த ஒரு குழந்தை இருக்கை வாங்கி வையுங்கள். டாக்சியில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் அது ஒன்றுதான்.

மழை இரவுக்கு? அதற்கு முழுத் தீர்வு டாக்சியிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது வண்டி வராது, வந்தால் கட்டணம் இரண்டு மடங்கு கேட்கும். இரண்டு மூன்று செயலிகளில் பதிந்து வையுங்கள், பக்கத்தில் இருக்கும் ஓட்டுநர் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள், கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். குழந்தைக்கு வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் இது எதையும் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உங்களிடம் கார் இருந்தாலும் நீங்கள் ஓட்டக் கூடாது.

கூடவே ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: தேதி, எங்கே, எவ்வளவு நேரம் காத்திருந்தோம். கடைசியில் ஒரு கட்டம், 'கார் இருந்திருந்தால் மாறியிருக்குமா?' அதில் 'ஆமாம்' என்று எழுதும் முன், அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருந்தீர்களா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த 'ஆமாம்' மாதத்துக்குப் பத்தைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், எந்தப் பழைய காரைப் பார்க்கலாம் என்று பேசுவோம். ஒன்று இரண்டோடு நின்றால், சேமிப்புக் கணக்கில் மிச்சம் இருக்கும் தொகையை மனைவியும் நீங்களும் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பாருங்கள்.

சலுகை மாதக் கடைசியோடு முடிகிறது என்று சொன்னவருக்கு, அடுத்த மாதமும் விற்பனை இலக்கு ஒன்று இருக்கும். உங்கள் கைபேசி எண்ணும் அவரிடம் இருக்கும்.